வீட்டுக்குச் சேர்க்கிற காசு எங்கே கிடக்கட்டும்?

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் வாடகைக்கு இருக்கும் என் சித்தி மகள் போன மாதம் ஒரு கொப்பியோடு வந்தாள். அவள் அரச பள்ளிக்கூட ஆசிரியை, கணவர் தனியார் கம்பனி ஒன்றில் வேலை. கையில் 10 லட்சம் ரூபாய் இருக்கிறது, மாதம் 50,000 மிச்சம் பிடிக்க முடிகிறது. நாலு வருடத்தில் கோண்டாவில் பக்கம் இரண்டு பரப்புக் காணியோடு ஒரு சின்ன வீடு வாங்க வேண்டும் என்பது திட்டம். கொப்பியில் ஏழெட்டு வங்கிகளின் வட்டி வீதங்களை வரிசையாக எழுதி வைத்திருந்தாள்.

"அண்ணா, இதில எங்கை போட்டால் வட்டி கூட?"

"காசு எப்ப வேணும்? எவ்வளவு வேணும்?" என்று திருப்பிக் கேட்டேன். கொப்பியில் அது இல்லை. வீட்டுக்குச் சேர்க்கும் காசைப் பற்றி யோசிக்கிற பலர் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள். வட்டியைத் தேடுகிறோம், நாளைக் குறிப்பதில்லை. எந்த நாளில் காசு கைக்கு வந்தாக வேண்டும், அன்றைக்கு எவ்வளவு குறைந்தால் தாங்கலாம் என்ற இரண்டும் தெரிந்தால், எங்கே வைப்பது என்பதில் பாதி தானாக முடிவாகிவிடும்.

முதலில் எவ்வளவு என்பதைப் பார்ப்போம். வீட்டுக் கடன் தரும் வங்கி முழு விலையையும் தராது. ஒரு பங்கை நாம் கையிலிருந்து போட வேண்டும், அதைத்தான் இங்கே கைக்காசு என்கிறேன். வீட்டின் விலை 120 லட்சம், வங்கி 80 லட்சம் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். 40 லட்சம் நம்முடையது. அதோடு முத்திரைத் தீர்வை இருக்கிறது: உறுதியின், அதாவது காணிப் பத்திரத்தின், பெறுமதியில் முதல் 1 லட்சத்துக்கு 3 சதவீதம், மிச்சத்துக்கு 4 சதவீதம். 120 லட்சத்துக்கு 4 லட்சத்து 79 ஆயிரம் ரூபாய் வரும். உறுதி எழுதும் நொத்தாரிசின் கட்டணம், காணி அளக்கும் சேவையரின் செலவு, வங்கியின் மதிப்பீட்டாளருக்குக் கொடுப்பது எல்லாம் சேர்த்தால் 6 லட்சம் என்று வைக்கலாம். ஆக, தங்கச்சிக்கு வேண்டியது 40 அல்ல, 46 லட்சம்.

இங்கே நம்மூரில் இன்னொரு சிக்கல் உண்டு. பேசிய விலை ஒன்று, உறுதியில் எழுதும் விலை இன்னொன்று என்று விற்பவர் சொல்லுவார், தீர்வை மிச்சம் என்று வாங்குபவரும் தலையாட்டுவார். ஆனால் வங்கி பார்ப்பது உறுதி விலையையும் தன் மதிப்பீட்டாளர் போட்ட விலையையும்தான். 120க்குப் பேசிவிட்டு உறுதியில் 80 என்று எழுதினால், வங்கி தரும் தொகையும் அதற்கேற்பச் சுருங்கும், கைக்காசு அந்த அளவுக்கு வீங்கும். அது சட்டப்படி சரியா என்பது வேறு கதை, கணக்குப்படியே அது கட்டாது.

சரி, வட்டிக்கு வருவோம். அவள் கொப்பியிலிருந்த ஆகக் குறைந்த வீதத்தை 8 என்றும், ஆகக் கூடியதை 10 என்றும் எடுத்துக்கொண்டு இருவரும் கணக்குப் போட்டோம். வட்டியில் 10 சதவீதத்தை வங்கியே வரியாகப் பிடித்துக்கொள்ளும். 2025 ஏப்ரல் வரை இது 5 சதவீதமாக இருந்தது. ஆண்டு வருமானம் 18 லட்சத்துக்குக் கீழே இருப்பவர்கள் சுய பிரகடனப் படிவம் ஒன்றைக் கொடுத்து இந்தப் பிடிப்பை நிறுத்தலாம், பலர் கேட்பதேயில்லை. வரி போக 8 என்பது 7.2 ஆகும், 10 என்பது 9 ஆகும்.

7.2 சதவீதத்தில் அவளுடைய 10 லட்சமும் மாதம் போடும் 50,000உம் நாலு வருடத்தில் ஏறக்குறைய 41 லட்சம் ஆகின்றன. 9 சதவீதத்தில் ஏறக்குறைய 43 லட்சம். வித்தியாசம் 2 லட்சம். அந்த 2 லட்சத்தை வேறு விதமாக உழைக்க வேண்டுமென்றால் மாதம் 50,000க்குப் பதில் ஏறக்குறைய 53,600 போட்டால் போதும். தங்கச்சி பேனையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். மூன்று கிழமையாக வங்கி வங்கியாகத் திரிந்தது மாதம் 3,600 ரூபாய்க்காகவா என்ற பார்வை அது.

பத்து இருபது வருடத்துக்குச் சேர்க்கும்போது வட்டி மேல் வட்டி ஏறிக் கதையே மாறும். நாலைந்து வருடக் காசில் பாரத்தைத் தூக்குவது நாம் மாதாமாதம் போடும் பணம்தான். 2 லட்சத்துக்காக 41 லட்சத்தையும் ஆபத்தில் வைக்கலாமா என்பதே அடுத்து கேட்க வேண்டியது.

வட்டி கூடுதலாகத் தரும் இடங்கள் சாதாரணமாக நிதிக் கம்பனிகள். எல்லாமே மோசமானவை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவை விழுந்த வரலாறும் நாட்டில் இருக்கிறது: த ஃபினான்ஸ் கம்பனியின் உரிமத்தை மத்திய வங்கி 2020 மே மாதம் ரத்துச் செய்தது, ஈ.ரி.ஐ. ஃபினான்ஸின் உரிமம் அதே ஆண்டு ஜூலையில் போனது. இப்படி நடக்கும்போது வைப்பாளர்களுக்குக் கைகொடுப்பது வைப்புக் காப்புறுதி. மத்திய வங்கி உரிமம் கொடுத்த வங்கியோ நிதிக் கம்பனியோ விழுந்தால், ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு அதிகபட்சம் 11 லட்சம் ரூபாய் கிடைக்கும். 2021 ஏப்ரலுக்கு முன் அது 6 லட்சமாக இருந்தது. அதற்குக் கட்டணம் ஏதும் நாம் கட்டத் தேவையில்லை, கணக்குத் திறந்தாலே உண்டு.

இந்த 11 லட்சம் என்பதை நன்றாகக் கவனியுங்கள். ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு எவ்வளவு கணக்குகள் இருந்தாலும் எல்லாம் சேர்த்துத்தான் இந்த எல்லை. ஒரே கம்பனியில் மூன்று நிலையான வைப்புகளாகப் பிரித்துப் போட்டால் காப்பு மூன்று மடங்காகாது. ஆனால் வேறு நிறுவனத்தில் போட்டால் அங்கே புதிதாக 11 லட்சம். மனைவி பெயரில் ஒரு கணக்கு, கணவர் பெயரில் ஒரு கணக்கு என்று இரண்டு நிறுவனங்களிலும் வைத்தால் 44 லட்சம் வரை காப்புக்குள் வரும். தங்கச்சி குடும்பத்தின் 41 லட்சம் அதற்குள் அடங்கிவிடும். தேசிய சேமிப்பு வங்கியின் கதை வேறு. அங்கே வைப்புக்கும் வட்டிக்கும் அரசாங்கம் முழுப் பொறுப்பு என்று அந்த வங்கியின் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. வட்டி கொஞ்சம் குறைந்தாலும் என் வயதுக்காரர் பலர் அங்கே போவதற்கு அதுதான் காரணம்.

ஊர்க் கூட்டுறவுச் சங்கங்கள், சிக்கனக் கடனுதவிச் சங்கங்கள் இந்தக் காப்புறுதிக்குள் வராது. அவற்றில் கணக்கு வைத்திருங்கள், சின்னக் கடன் எடுக்க உதவும், வீட்டுக்காசு அங்கே வேண்டாம். ஆசை காட்டும் ஆள்சேர்ப்புத் திட்டங்களைப் பற்றி நான் ஒன்றும் எழுதப்போவதில்லை. பிரமிட் திட்டம் நடத்துவதே நாட்டில் சட்டப்படி குற்றம்.

சீட்டைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் யாழ்ப்பாணத்தில் சீட்டுப் பிடிக்காத வீடு குறைவு. 20 பேர், ஆளுக்கு மாதம் 25,000, ஒரு சீட்டு 5 லட்சம். அவசரக்காரர் கழிவு கூறி முதலில் எடுப்பார், கடைசி வரை காத்திருப்பவருக்குக் கழிவெல்லாம் இலாபமாக வரும். வங்கிப் படிவம் இல்லை, வரி இல்லை, மாதாமாதம் கட்டாயமாகக் கட்ட வைக்கும் ஒழுங்கும் உண்டு. அந்த ஒழுங்கை நான் மதிக்கிறேன். ஆனால் இலாபத்துக்காகக் கடைசியில் எடுக்க நினைப்பவர்தான் அதிக காலம் மற்றவர்களை நம்பியிருக்க வேண்டியவர். என் அம்மா கட்டிய ஒரு சீட்டில் பதினாலாவது மாதம் சீட்டுக்காரி குடும்பத்தோடு வெளிநாடு போய்விட்டார். கையில் ரசீது இல்லை, கொப்பியில் கோடுகள்தான் இருந்தன. அம்மா அதைப் பற்றி இன்றைக்கும் பேசமாட்டார்.

இனி நிலையான வைப்பு. பெயர் தெரியாதவர்கள் இல்லை, ஆனால் அதன் உள்விவரம் தெரிந்தவர்கள் குறைவு. ஒரு தொகையை 3 மாதமோ 6 மாதமோ 1 வருடமோ தொடமாட்டேன் என்று கொடுக்கிறோம். வங்கி அதற்காகச் சேமிப்புக் கணக்கைவிடக் கூடுதல் வட்டி தருகிறது. இடையில் உடைத்தால் பேசிய வட்டி கிடைக்காது, குறைந்த வீதத்தில் கணக்குப் பார்த்துத் தருவார்கள். மாதாமாதம் வட்டி எடுப்பதற்கு ஒரு வீதம், முதிர்வில் எடுப்பதற்கு அதைவிடக் கூடிய வீதம். வீட்டுக்குச் சேர்ப்பவருக்கு மாத வட்டி தேவையில்லை. கைக்கு வந்தால் சந்தைக்குப் போய்விடும், முதிர்வில் சேர்த்து எடுப்பதே நல்லது.

படிவத்தில் ஒரு சின்னக் கட்டத்தைக் கண்டிப்பாகப் பாருங்கள்: முதிர்ந்ததும் தானாகப் புதுப்பிப்பதா, சேமிப்புக் கணக்குக்கு மாற்றுவதா என்று கேட்டிருக்கும். நான் காணி வாங்கிய வருடம் அதைக் கவனிக்கவில்லை. உறுதி முடிக்கப் பத்து நாள் இருக்கும்போது என் வைப்பு இன்னொரு வருடத்துக்குத் தன்பாட்டில் புதுப்பித்துக்கொண்டது. உடைக்க வேண்டியதாயிற்று. கவுண்டரில் இருந்த பிள்ளை, "ஐயா, நீங்கள்தான் டிக் பண்ணியிருக்கிறியள்" என்று கட்டத்தைக் காட்டியது. என் கையெழுத்துத்தான்.

திறைசேரி உண்டியல்களும் ஒரு வழி. அரசாங்கம் 91, 182, 364 நாட்களுக்கு எடுக்கும் கடன் அவை. வட்டியை முதலிலேயே கழித்துக்கொண்டு விற்பார்கள். வீதம் 8 என்றால் ஏறக்குறைய 9 லட்சத்து 26 ஆயிரம் கொடுத்து வாங்கிய உண்டியலுக்கு 364 நாள் கழித்து 10 லட்சம் கிடைக்கும். வங்கிகள் ஊடாக வாங்கலாம். கொஞ்சம் பெரிய தொகை சேர்ந்த பிறகு பார்க்கலாம், முதல் வருடத்தில் மண்டையைக் குழப்பத் தேவையில்லை.

இதையெல்லாம் சொல்லி முடிக்கும் முன் சித்தப்பா குறுக்கிட்டார். அவர் திண்ணையில் இருந்து எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். "வங்கியில போட்டவன் 2022இல என்ன ஆனான்? தங்கப் பவுணில போட்டவன் என்ன ஆனான்?"

நியாயமான கேள்வி. 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. 2021இல் ஆயிரம் ரூபாயளவில் வாங்கிய சீமெந்துப் பை மூவாயிரத்தைத் தாண்டியது. வைப்பு வட்டி பிறகு 25 சதவீதம் வரை போனது உண்மை, ஆனால் வீடு கட்டுகிறவனுக்கு அது எந்த மூலைக்கு? அந்த வருடம் ரூபாயில் வைத்திருந்தவர்கள் அடிவாங்கினார்கள், அதை மறைக்கத் தேவையில்லை.

சித்தப்பாவுக்குப் பவுணில் உள்ள நம்பிக்கைக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 1995 ஒக்ரோபர் 30 இரவு போரால் வலிகாமப் பகுதியே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது, அவர் கையில் இருந்தது ஒரு சைக்கிளும் சித்தியின் தாலிக்கொடியும் காப்புகளும்தான். மிருசுவிலில் அடுப்பெரிந்தது அந்தக் காப்புகளை விற்றுத்தான். அப்படியொரு இரவைக் கண்டவரிடம் போய் தங்கம் விளைச்சல் தராத சொத்து என்று பாடம் நடத்த எனக்கு வாய் வராது.

ஆனால் வீட்டுக்காசு என்பது உறுதி எழுதும் நாளுக்காக வைக்கிற காசு. உலகச் சந்தையில் 2011இல் ஒரு அவுன்ஸ் 1,900 டொலரளவுக்கு ஏறிய தங்கம், 2015 கடைசியில் 1,050 டொலரளவுக்கு இறங்கியது. ஏறக்குறைய நாலு வருடம். இடையில் ரூபாய் விழுந்ததால் இங்கே அடி கொஞ்சம் குறைந்தது, இருந்தும் 2011 உச்சத்தில் வாங்கி 2015 கடைசியில் வீட்டுக்காக விற்றவர் நட்டத்தோடுதான் விற்றிருப்பார். 2020க்குப் பிறகு வாங்கியவர்கள் சிரிக்கிறார்கள், 2025 ஒக்ரோபரில் அவுன்ஸ் 4,000 டொலரைத் தாண்டியது. இரண்டுமே தங்கம்தான். பத்து வருடம் காத்திருக்க முடிந்தவருக்கு இறக்கம் ஒரு பொருட்டல்ல. நாலாம் வருடம் கையெழுத்து வைக்க வேண்டியவருக்கு அது வீட்டையே தள்ளிப்போடும். அதோடு கஸ்தூரியார் வீதியில் நகையாக வாங்கினால் செய்கூலியும் சேதாரமும் வாங்கும்போதே போய்விடும், விற்கும்போது திரும்பி வராது. வாங்குவதானால் பவுண் காசாக வாங்குங்கள். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம் என்பது என் கணிப்பு. சித்தப்பா பாதி என்றார்.

பங்குச் சந்தையும் இதே வாதத்துக்குள் அடங்கும். கொழும்பு அனைத்துப் பங்கு விலைச்சுட்டெண் 2021 முடிவில் 12,200 அளவில் இருந்தது, 2022 முடிவில் 8,500 அளவில். ஒரு வருடத்தில் முப்பது சதவீதம்.

கனடாவிலோ சுவிஸிலோ இருக்கும் அண்ணன் தம்பி அனுப்பும் காசு என்றால், அதை வந்தவுடன் ரூபாயாக மாற்றாமல் வெளிநாட்டு நாணயக் கணக்கிலேயே வைத்திருக்கலாம். ரூபாய் விழுந்தால் அது காப்பாற்றும். மறுபக்கமும் உண்டு: 360இல் இருந்த டொலர் 2023 நடுப்பகுதியில் 300 அளவுக்கு இறங்கியது. டொலரிலேயே இருந்த கைக்காசு ரூபாய்க் கணக்கில் ஆறில் ஒரு பங்கு சுருங்கியது. வாங்கப்போகும் வீட்டின் விலை ரூபாயில் பேசப்பட்டுவிட்டால், அந்த நாளிலிருந்து காசும் ரூபாயில் இருப்பதுதான் நிம்மதி.

நாள், நாள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் அந்த நாள் ஒரு இடத்தில் நிற்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கோண்டாவிலில் நல்ல வீடு அகப்படும், ஆனால் உறுதியில் மூன்று சகோதரர் பெயர் இருக்கும். ஒருவர் இங்கே, ஒருவர் ரொறன்ரோவில், ஒருவர் பாரிஸில். தமக்குப் பதிலாக ஒருவர் கையெழுத்து வைக்க அதிகாரம் கொடுக்கும் அற்றோணித் தத்துவத்தை அங்கிருந்து அனுப்ப வேண்டும், இங்கே பதிய வேண்டும், சில நேரம் எழுத்துப்பிழைக்காகத் திரும்பிப் போகும். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமைப்படி காணியின் பங்காளிக்கு முதலில் வாங்கும் உரிமை உண்டு. அதற்கென்றே 1947இல் தனிக் கட்டளைச் சட்டம் வந்தது. பங்குக் காணியை வெளியாளுக்கு விற்பதானால் முறைப்படி அறிவித்தல் கொடுத்து, பங்காளிகள் வாங்கவில்லை என்பது தெரிய வேண்டும். அதைச் செய்யாமல் அவசரப்பட்டு முடித்தால் பின்னால் வழக்கு வரும். நல்ல நொத்தாரிசு இதையெல்லாம் பார்க்காமல் கையெழுத்து வைக்க விடமாட்டார். ஆகவே "மாசியில் முடிப்போம்" என்ற பேச்சு வைகாசிக்குப் போவது இங்கே சாதாரணம்.

காசு இருக்கும் இடம் இந்த இழுபறிக்கு வளைந்து கொடுக்க வேண்டும். முழுத் தொகையையும் ஒரே வைப்பில் ஒரு வருடத்துக்குப் பூட்டினால், வீடு முதலில் வந்தால் உடைக்க வேண்டும், வீடு பிந்தினால் புதுப்பிப்பதா விடுவதா என்று தடுமாற வேண்டும். துண்டு துண்டாக, வெவ்வேறு மாதங்களில் முதிரும்படி போட்டு வைத்தால் எப்போதும் ஏதோ ஒரு துண்டு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். வட்டி வீதம் ஏறினாலும் ஒரு துண்டு புதிய வீதத்துக்குப் போகும், இறங்கினாலும் மற்றத் துண்டுகள் பழைய வீதத்தில் நிற்கும். அட்வான்ஸ் கொடுக்கும் கட்டம் வந்துவிட்டால் எல்லாவற்றையும் 3 மாத வைப்புக்கு இறக்கிவிடுவது நல்லது. கடைசி மாதம் சேமிப்புக் கணக்கில் கிடக்கட்டும், அரை வட்டி போனால் போகட்டும். 2023 ஜூன் கடைசியில் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்புக்காகத் திடீர் வங்கி விடுமுறை விட்டு, ஹஜ்ஜுப் பெருநாளும் வார இறுதியும் போயா என்ற பௌர்ணமி விடுமுறையும் சேர்ந்து ஐந்து நாள் வங்கிகள் பூட்டிக் கிடந்தன. வைப்புகளில் யாரும் கைவைக்கவில்லை. ஆனால் அந்தக் கிழமை உறுதி எழுத நாள் குறித்தவர்களின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

தங்கச்சி கொப்பியில் புதுப் பக்கம் திருப்பினாள். இருக்கும் 10 லட்சத்தில் 2 லட்சம் வீட்டுக்காசே அல்ல, ஆஸ்பத்திரிச் செலவு, வேலை போனால் சாப்பாடு என்று சேமிப்புக் கணக்கில் தனியாக. மிச்சம் 8 லட்சம் அவள் பெயரில் தேசிய சேமிப்பு வங்கியில் 6 மாதம், 1 வருடம் என்று இரண்டு துண்டு. மாதாந்த 50,000 சம்பள நாளன்றே தானாகக் கணவர் பெயரில் வேறொரு வங்கிக்குப் போகும்படி நிலையான கட்டளை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அது ஒரு வைப்பாக மாறும், 11 லட்சத்தை நெருங்கியதும் மிச்சம் இன்னொரு நிறுவனத்துக்குப் போகும். அந்த வங்கியையே பிறகு கடனுக்கும் அணுகலாம். நாலு வருடம் ஒழுங்காகக் காசு வந்த கணக்கைக் காட்டினால் கடன் அதிகாரியோடு பேசுவது சுகம்.

அந்த 2 லட்சம் கழிந்ததும் 41 என்ற கணக்கு 38 ஆனது. 46க்கு 8 லட்சம் குறை. வட்டியைக் கூட்டி இந்தப் பள்ளத்தை நிரப்ப முடியாது என்பது இப்போது அவளுக்கே தெரிந்திருந்தது. கணவரின் ஊழியர் சேமலாப நிதியைப் பார்த்தோம். பன்னிரண்டு வருடச் சந்தா, மீதி 12 லட்சம். பத்து வருடம் கட்டி 3 லட்சத்துக்கு மேல் மீதி உள்ளவர் வீட்டுக்காக 30 சதவீதம் வரை எடுக்கலாம், இன்றைய கணக்கில் 3 லட்சத்து 60 ஆயிரம். முதுமைக்கான காசு என்பதால் கடைசித் துரும்பாக வைத்துக்கொள்ளச் சொன்னேன். அவளுக்குச் சேமலாப நிதி இல்லை, ஓய்வூதியம்தான்.

மிச்சக் குறைக்கு ஐந்தாம் வருடத்திலும் ஒன்பது மாதம் சேர்ப்பதா, இரண்டு பரப்பை ஒன்றரையாகக் குறைப்பதா என்று அவர்கள் இன்னும் முடிவெடுக்கவில்லை. போகும்போது சித்தப்பா உள்ளே போய் ஒரு சின்ன டப்பாவோடு வந்தார். 95இல் விற்காமல் தப்பிய ஒரு காப்பு. "இதைக் கணக்கில சேர்க்காதை," என்று சொல்லித்தான் கொடுத்தார். தங்கச்சி கொப்பியைத் திறக்கவில்லை.